கொழுப்பு இல்லாத நரம்பு ஏது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் நலவாழ்வுப் பக்கத்தில் 'நரம்பு ஓடுவது மின்சாரத்தால், கொழுப்பு அதற்குத் தடைக்கல்' என்று ஒரு வரி வந்திருக்கிறது. மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தியே தலை நரைத்தவன் நான். அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

நரம்பணுவின், அதாவது நியூரானின், வெளிச்சவ்வுக்கு அடிப்படையே கொழுப்புதான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சில நானோமீட்டரே தடிமன் உள்ள அந்த இரட்டைக் கொழுப்புப் படலம், மின்னேற்றம் உள்ள துகள்களான அயனிகளைப் பிரித்து நிறுத்துவதால்தான், சும்மா இருக்கும் நியூரானிலும் சுமார் 70 மில்லிவோல்ட் மின்னழுத்தம் நிற்கிறது. படலம் இல்லையென்றால் அந்த மின்சாரமே இல்லை.

கொழுப்பு வெறும் சுவரும் அல்ல. 1953-இல் மேபல் ஹோகின், லோவெல் ஹோகின் என்ற ஆய்வாளர் தம்பதி, புறாவின் கணையத் துண்டுகளில் நரம்புச் சேதியைக் கடத்தும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலினைச் சேர்த்தபோது, சவ்வின் பாஸ்போலிப்பிடுகளில், அதாவது பாஸ்பேட் கலந்த கொழுப்புகளில், பாஸ்பேட் வேகமாக ஏறுவதைக் கண்டார்கள். பிறகு மூளைத் திசுவிலும் அதையே பார்த்தார்கள். சேதி வந்ததும் கொழுப்பு உடைகிறது, திரும்பக் கட்டப்படுகிறது. சவ்வின் உட்புறத்தில் மிகக் கொஞ்சமாக இருக்கும் 'பிப்2' என்ற கொழுப்பு இருந்தால்தான் நியூரானை அடக்கி வைக்கும் ஒரு வகைப் பொட்டாசியம் கால்வாய், அதாவது பொட்டாசியம் அயனிகள் கடக்கும் சவ்வு வழி, திறந்திருக்கும். பிப்2 உடைந்தால் கால்வாய் மூடிக்கொள்ளும், நியூரான் எளிதில் துடிக்கத் தொடங்கும். கால்வாய் மறுபடி திறக்க பிப்2 மறுபடி உருவாக வேண்டும் என்பதை 2002-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பெர்ட்டில் ஹில்லே என்ற ஆய்வாளரின் ஆய்வகம் காட்டியது.

கறிக்கடையில் ஆட்டு மூளை வாங்கி வந்து வகுப்பில் அறுத்துக் காட்டுவேன். வெளியே சாம்பல், உள்ளே வெண்ணெய் போல வெள்ளை. கை பிசுபிசுக்கும். அந்த வெள்ளைக்குக் காரணம் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற உறை, அதன் உலர் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு கொழுப்பு. சேதி விரைந்து ஓடுவது அதனால்தான்.

இதய நோயாளிக்கு எண்ணெயைக் குறைக்கச் சொல்லுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் உங்கள் பழைய இதழ் ஒன்றைப் படித்துவிட்டு என் மருமகள், ஒன்றரை வயதுப் பேத்தியின் பருப்புச் சாதத்தில் நெய் விடுவதையே நிறுத்திவிட்டாள். அப்புறம் குழந்தை மருத்துவர்தான் கண்டித்தார், இது மயலின் வளரும் வயதம்மா என்று. அப்போதே உங்களுக்கு விவரமாக எழுதினேன். மூன்று வரியாகச் சுருக்கி, காரணத்தை வெட்டிவிட்டு, பாராட்டை மட்டும் வெளியிட்டீர்கள். பக்கத்திலேயே ஞாபகசக்தி மாத்திரை விளம்பரம். முதல் இதழிலிருந்து வாங்கி வருகிறவனுக்கு அது வலித்தது.

அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள், போதும். இந்தக் கடிதத்தைச் சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால், பிப்2 பற்றிய பகுதியை மட்டும் விட்டுவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
மன்னார்குடி