தம்பிக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

போன் பண்ணினால் "கிளாஸ்ல இருக்கேன்மா" என்கிறாய். ஞாயிற்றுக்கிழமையும் அதையே சொன்னாய். சரி, உனக்கும் சங்கடம் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். பதில் பேச வேண்டியதில்லை, படித்தால் போதும்.

அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாமே. அத்தை கொடுத்த சால்வையைப் பெட்டியிலேயே வைத்திருக்காதே. வேளைக்குச் சாப்பிடு. அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சித்தப்பா போன வாரம் வந்திருந்தார். ஏதேதோ சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நேற்று குழுக் கணக்குப் பார்த்தேன். எட்டுப் பேர், ஆளுக்கு எழுபது. எட்டேழு ஐம்பத்தாறு என்று வாய் சொல்வதற்குள் வலது கை தானாக முந்தானைக்குள் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவள் சிரிக்கிறாள். எங்கள் டீச்சர் கையைக் குப்புறத் திருப்பச் சொல்லி, மர ஸ்கேலின் விளிம்பால் விரல் முட்டியிலேயே போடுவார்கள். வாய்ப்பாடு அவர்கள் சொல்லிக்கொடுத்ததுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். பேரன் பேத்தி எடுக்கும் வயதிலும் எட்டாம் வாய்ப்பாடு வந்தால் கை ஒளிகிறதே, அதையும் அவர்கள்தானே கொடுத்தார்கள்?

அப்பாவிடம் சொன்னால், "கலாமையே வாத்தியார் பிரம்பால் அடித்தார், அவர் ஜனாதிபதி ஆகவில்லையா?" என்கிறார். நம் ஊரில் எல்லாரும் சொல்வதுதான். ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் கணக்கு வாத்தியார் ராமகிருஷ்ண ஐயர். அவர் பாடம் நடத்தும்போது தெரியாமல் வகுப்புக்குள் நுழைந்ததற்காகக் கலாமை எல்லார் முன்னாலும் அடித்தார். பல மாதம் கழித்துக் கலாம் கணக்கில் முழு மார்க் வாங்கியதும், என்னிடம் அடி வாங்குகிறவன் பெரிய ஆளாவான் என்று காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் சொன்னாராம். மார்க் வாங்கியது பையன், பெருமை பிரம்புக்கு!

ஆனால் கலாம் போன இடமெல்லாம் யாரைப் பற்றிப் பேசினார்? ராமேஸ்வரத்தில் அஞ்சாம் வகுப்பு நடத்திய சிவசுப்பிரமணிய ஐயரைப் பற்றித்தானே? பறவை எப்படிப் பறக்கிறது என்று போர்டில் படம் போட்டுச் சொல்லியிருக்கிறார். புரியவில்லை என்று கலாம் சொல்ல, மற்ற பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். அவர் கோபப்படவில்லை. சாயங்காலம் எல்லாரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய், இறக்கையையும் வாலையும் பறவை எப்படித் திருப்புகிறது என்று நேரிலேயே காட்டினார். பிற்காலத்தில் ராக்கெட் விட்ட மனுஷனுக்கு ஆரம்பம் அந்தச் சாயங்காலம்தான். அதே ஐயர் கலாமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டபோது அவர் மனைவி பரிமாற மறுத்துவிட்டார். அவரே பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, அடுத்த வாரமும் வரச் சொன்னார். அடுத்த வாரம் அந்த அம்மாவே பரிமாறினாராம்.

ஆனால் நான் சொல்ல வந்தது இன்னொரு வாத்தியாரைப் பற்றி. அதே ராமேஸ்வரம் பள்ளிக்குப் புதிதாக வந்தவர், சின்ன வயது, உன் வயதுதான் இருக்கும். முதல் வரிசையில் கோயில் அர்ச்சகர் பிள்ளையோடு தொப்பி போட்ட பையன் உட்கார்ந்திருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார். கலாம் எழுந்து போனபோது அந்தச் சிநேகிதப் பையன் அழுத முகத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை. அர்ச்சகர் லட்சுமண சாஸ்திரி வாத்தியாரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். வாத்தியார் வருத்தப்பட்டார், பிறகு மாறியும் விட்டார் என்று கலாமே எழுதியிருக்கிறார். மாறினார், பார்த்தாயா? அதோடு அவர் வாழ்க்கை முடிந்துபோகவில்லை.

உன் மூணாம் வகுப்பு டீச்சரை நினைத்துப் பார்க்கிறாயா? உன்னை மட்டும் எழுப்பி வாசிக்கச் சொன்னதே இல்லை. பக்கத்தில் இருக்கிற இரண்டு பேரையும் சேர்த்து எழுப்புவார்கள். மூன்று பேராக வாசித்தால் உனக்குத் திக்காது. வகுப்பு முழுக்கவே அப்படித்தான் வாசித்ததால், உனக்காகத்தான் என்று யாருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. நீ வாத்தியார் வேலைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாயே, அது யாரால் வந்தது என்று எனக்குத் தெரியும். டெட் என்கிற வாத்தியார் தகுதித் தேர்வு எழுதித் தேறி ஆர்டர் வந்த அன்று அப்பா அதை ஜெராக்ஸ் எடுத்து, அத்தை வீட்டில் தொடங்கித் தெருக்கோடி வரை காட்டிவிட்டு வந்தார். நம் வீட்டில் முதல் அரசு வேலை. அப்படிப்பட்டவன் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம்.

பேப்பரில் வந்ததை அப்பா பொதுவாகத்தான் வாசித்துக் காட்டினார். 2009 கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவு. பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனசு நோகப் பேசவும் கூடாதாம். உனக்கு நான் சட்டம் சொல்ல வேண்டியதில்லை. வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே.

பிள்ளைகள் பேசிக் காட்டத்தான் செய்வார்கள், தம்பி. நீயும் பெரிய மாமா நடக்கிற மாதிரி நடந்து காட்டியவன்தான். உன் வகுப்புப் பையன் உன்னைப் போலத் திக்கிக் காட்டினான் என்றதும் எனக்கே வயிறு எரிந்தது. உனக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனாலும் அவன் ஒன்பது வயதுப் பிள்ளை.

காதில் வலி நின்றதா அவனுக்கு? பள்ளிக்கூடம் வருகிறானா? இந்த இரண்டை மட்டும் எழுது, மற்றது எதுவும் வேண்டாம். விசாரணையில் யார் என்ன சொன்னாலும் சரி, அந்த வீட்டுக்கு ஒருதரம் போய்விட்டு வா. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் அப்பா கூட வருகிறேன் என்கிறார். வெள்ளிக்கிழமை ராத்திரி இங்கே ஏறினால் சனிக்கிழமை காலையில் அங்கே இறங்கிவிடலாமாம். பஸ்ஸெல்லாம் விசாரித்து வைத்துவிட்டார்.

அம்மா