காமாலையும் கீழாநெல்லியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு வயது 61. சிங்கப்பூரில், ஈசூனில் மகன் வீட்டில் இருக்கிறேன். சென்ற ஆண்டு நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம். வயிறார சாப்பிட்டும் ஏழு கிலோ இளைத்தேன். தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்றார்கள். அந்தச் சுரப்பைக் குறைக்க 5 மில்லிகிராம் கார்பிமசோல் மாத்திரை, தினம் ஆறு. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் உடனே வரச் சொன்னார் மருந்து கொடுத்த பெண். வெள்ளை அணுக்கள் குறைந்துவிடக்கூடுமாம். அது மனத்தில் நின்றது. ஈரலைப் பற்றியும் சொல்லியிருக்கலாம். அவருடைய வேகமான ஆங்கிலத்தில் எனக்குப் பிடிபட்டது அவ்வளவுதான்.

ஆறாவது வாரம் அரிப்பு தொடங்கியது. தோலில் தடிப்பு எதுவும் இல்லை, உள்ளங்கையும் பாதமும் ராத்திரி முழுக்க அரிக்கும். புழுக்கம் என்று நினைத்துச் சந்தனம் பூசினேன். அப்புறம் சிறுநீர் தே-ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், நிறத்தில் போனது. எதிர்வீட்டு அக்கா என் கண்ணைப் பார்த்ததுமே காமாலை என்றார். சரியாகத்தான் சொன்னார். தேக்கா சந்தையில் கீழாநெல்லி வாங்கி, அரைத்து, மோரில் கலந்து ஒன்பது நாள் குடித்தேன். கூடவே அந்த ஆறு மாத்திரையையும் ஒரு நாள் விடாமல் விழுங்கினேன்! காமாலையைக் கொண்டுவந்ததே அதுதான் என்று யாருக்குத் தெரியும்?

பித்தப்பையில் கல்லா, கிருமித்தொற்றா என்று ஸ்கேனும் ரத்தமும் பார்த்து, இரண்டும் இல்லை என்றான பிறகுதான் பழி மாத்திரை மேல் விழுந்தது. வேறு மாத்திரை இல்லையா என்று மகன் கேட்டான். புரோபில்தயோயுராசில் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அது ஈரலையே செயலிழக்கச் செய்துவிடக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010இல் கடும் எச்சரிக்கை போட வைத்ததாம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அதைத்தான் கொடுப்பார்களாம். எனக்கு அந்தக் கவலை இல்லை.

மஞ்சள் வடிய இரண்டு மாதம் ஆனது. பிறகு தைராய்டு சுரப்பை அடக்கக் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். சில நாள் பேத்தியைத் தூக்கக்கூடாது என்றதுதான் பெரிய தண்டனை. இப்போது சுரப்பு குறைந்து, அதை ஈடுகட்டத் தினமும் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை போட்டுக்கொண்டு, காலைக் கோப்பிக்கு அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்து மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். ஈரல் இப்படிப் பாதிக்கப்படுவது அபூர்வம். வைத்தியம் பார்க்காத தைராய்டு இதயத்தைக் கெடுத்துவிடும்.

நான் கேட்பது சின்ன உதவி. என் மருந்துப் பையில் எத்தனை மாத்திரை என்பதுகூட ஆங்கிலத்தில்தான் இருந்தது. என்னைப் போன்றவர்களுக்குப் பையின் மேல் தமிழில் ஒரு சீட்டு ஒட்டித் தரட்டும்: உடம்பு அரித்தால், சிறுநீர் தே-ஓ போலக் கறுத்தால், கண் மஞ்சளானால், அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே வாருங்கள் என்று.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஈசூன்