செந்தூல் திடலில் துணை நின்ற அனைவருக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

நம் மலேசியப் பிள்ளைகள் முதன்முறையாக, தென்கிழக்காசியக் கால்பந்துப் போட்டியான சுசுகி கிண்ணத்தை வென்றதற்காக இன்று, 2010 டிசம்பர் 31, நாடு முழுக்கப் பொது விடுமுறை. கையோடு இந்த மடலை எழுதிவிடுகிறேன்.

29ஆம் தேதி ஜகார்த்தாவில் இந்தோனேசியாவுடன் நடந்த இறுதிச் சுற்றின் இரண்டாம் ஆட்டத்தை எங்கள் பிளாட்டுக்குக் கீழே பூப்பந்துத் திடலில் காட்ட ஏற்பாடு செய்திருந்தோம். சாயங்கால மழையில் வாடகைத் திரை கிழிந்துபோனது. மாமாக் கடை (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) அண்ணன் வெள்ளை மேசைவிரிப்பு நான்கைத் தூக்கிக் கொடுத்தார். மூன்றாம் மாடி அக்கா அரை மணி நேரத்தில் அவற்றை ஒன்றாகத் தைத்துவிட்டார். பந்து தையலைத் தாண்டும்போதெல்லாம் ஒரு துள்ளு துள்ளியது. நம் கோல்காவலர் கைருல் ஃபாமி பினால்டியைத் தடுத்ததையும் அந்தத் துணியில்தான் பார்த்தோம். தன் வீட்டிலிருந்தே கரண்ட் இழுத்துக் கொடுத்த வயர்மேன் தம்பிக்கும், பானை நிறைய பீஹூன் கோரெங் (வறுத்த அரிசி சேமியா) கொண்டுவந்த கீழ்வீட்டு மலாய் அம்மாவுக்கும் நன்றி.

பக்கத்துக் கட்டுமானத்தில் வேலை செய்யும் இந்தோனேசியத் தோழர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஓரமாக நின்றிருந்தார்கள். முன்னால் வந்து உட்காருங்கள் என்றோம். நம் சஃபி சாலி கோல் போட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அவர்கள் அணி இரண்டு கோல் திருப்பிய பிறகு எழுந்து கத்தினார்கள். அன்று 2-1 என்று ஜெயித்தது அவர்கள்தான். ஆனால் கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கில் நடந்த முதல் ஆட்டத்தில் நாம் 3-0 என்று முந்தியிருந்ததால், மொத்தத்தில் 4-2 என்று கிண்ணம் நமக்கு வந்தது. முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து கைகொடுத்தார்கள். எங்கள் பையன்கள் கொடியோடு ரோட்டுக்கு ஓடிவிட, நாற்காலிகளை மடக்கி அடுக்கியவர்கள் அந்த இந்தோனேசியத் தோழர்களே. இந்த மடலை முக்கியமாக அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பயிற்சியாளர் கே. ராஜகோபால் அவர்களுக்கு நன்றி மட்டும் போதாது, மன்னிப்பும் கேட்க வேண்டும். டிசம்பர் 1ஆம் தேதி இதே இந்தோனேசியாவிடம் 1-5 என்று தோற்றபோது, அவரை மாற்ற வேண்டும் என்று கடையில் உட்கார்ந்து பேசியவர்களில் நானும் ஒருவன். "போன வருஷம் சீ (தென்கிழக்காசிய) விளையாட்டில் தங்கம் வாங்கிக் கொடுத்தவன்டா, பொறு" என்று சொன்னது அப்பா மட்டும்தான். ராஜகோபால் சிலாங்கூர் மாநில அணிக்கு ஆடிய நாளிலிருந்தே அப்பா அவருடைய ரசிகர். நம் குணாளன் உட்பட ஆட்டக்காரர்கள் அத்தனை பேருக்கும் எங்கள் வணக்கம்.

மேசைவிரிப்புகளைத் துவைத்துக் கொடுத்தாகிவிட்டது. நீலப் பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. உரியவர் வந்து எடுத்துக்கொள்ளவும்.

அன்புடன்,
ஏழாம் மாடிக்காரன், செந்தூல், கோலாலம்பூர்