ஒற்றைக் கூடமாய் எழுந்த பள்ளி

அன்புமிக்க நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. அனைவரும் நலம் என்றறிந்து மகிழ்ந்தேன். இங்கும் நலமே.

இங்கிலாந்தில் நான் பார்த்துவந்த பழைய கிராமப் பள்ளிக் கட்டடத்தைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லியிருந்தீர்கள். விக்டோரியா அரசி காலத்தில் கல்லால் கட்டப்பட்ட அப்பள்ளி மூடப்பட்டு நெடுங்காலமாகிறது. இப்போது ஒருவர் அதை வாங்கி வீடாக மாற்றவிருக்கிறார். செங்குத்தாகச் சரியும் கூரையும், முகப்பின் உச்சியில் மணி தொங்கும் சிறு மாடமும், கூர்முனை வளைவுச் சன்னல்களும் அதைத் தேவாலயம் என்றே எண்ணவைக்கும். அந்நாட்டுக் கிராமப் பள்ளிகள் பலவற்றைத் திருச்சபை சார்ந்த தேசியச் சங்கம் நிறுவியதால் அந்தச் சாயல் இயல்பாகவே அமைந்துவிட்டது.

ஆனால் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது உள்ளிருக்கும் ஒற்றைக் கூடம்தான். மூத்த மாணவர்களைக் கொண்டே இளையோருக்குப் பாடம் சொல்லும் முறைக்குத் தனித்தனி வகுப்பறைகள் தேவைப்படவில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஓர் ஆசிரியரின் பார்வையில் இருக்கும்படியான நீண்ட கூடமே போதுமானதாக இருந்தது. அம்முறையை ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் உருவாக்கியது, 1789இல் பொறுப்பேற்று அவர் நடத்திய நம் எழும்பூர் அநாதைச் சிறுவர் இல்லத்தில் என்பது தங்களுக்கு மகிழ்ச்சி தரும். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதையும் சேர்த்துக்கொண்ட அவர், 1797இல் லண்டனில் அம்முறையை நூலாக வெளியிட, 1811இல் தோன்றிய தேசியச் சங்கம் அதையே 'மதராஸ் முறை' என்று கைக்கொண்டது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையின் வேலைக்கு அங்கே கல்லால் ஒரு கூடமே எழுந்தது என்பேன்.

சன்னல்களின் அடிவிளிம்பு பிள்ளைகளின் தலைக்கு மேலே இருக்கிறது. வெளிச்சம் வரவேண்டும், கவனம் வெளியே போகக்கூடாது என்பது கட்டியவர்களின் எண்ணம். ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனி வாசல்கள். ஒரு வாசலருகே, பலப்பத்தைத் தீட்டித் தீட்டிக் கல்லில் விழுந்த மெல்லிய பள்ளங்கள் வரிசையாகத் தெரிகின்றன. விரல் வைத்துப் பார்த்தேன், வழவழவென்றிருந்தன.

கூடத்தின் நடுவே தளம் போட்டு இரண்டு மாடியாக்கும் வரைபடம் ஒன்று தயாராகியிருக்கிறது. அப்படிச் செய்தால் உயர்ந்த சன்னல்கள் பாதியில் வெட்டுப்பட்டு, கூரையின் மரச்சட்டங்கள் படுக்கையறை விதானமாகி, கூடம் என்ற ஒன்றே இல்லாமற்போகும். படுக்கையறைகளை, பள்ளியை ஒட்டியிருக்கும் ஆசிரியர் குடியிருப்பில் வைத்துக்கொண்டு கூடத்தைப் பிரிக்காமல் விடலாமே என்று உரிமையாளரிடம் வற்புறுத்திச் சொன்னேன். அவரும் பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார். தாங்கள் அளந்து வரைந்து வைத்திருக்கும் நம்மூர்ப் பழைய பள்ளிகளின் படங்களை அனுப்பினால், அவரிடம் காட்ட மிகவும் உதவும்.

தங்கள் அன்புள்ள
நண்பன்