வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு முழுவதும் ஒரே நாவலை நிதானமாக வாசித்தோம்: சூசன் காலின்ஸ் எழுதி 2008இல் வெளிவந்த 'தி ஹங்கர் கேம்ஸ்'. தலைநகரின் ஆணைப்படி ஆண்டுதோறும் குலுக்கலில் பெயர் வரும் பிள்ளைகள், ஒருவர் மிஞ்சும்வரை அரங்கில் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும் என்பது கதை. அரங்கில் நடக்கும் கொலைகளைவிட, அதற்கு முன்வரும் முதல் இரண்டு அத்தியாயங்களுக்கே அதிக நேரம் ஒதுக்கினோம். பசியை வைத்து ஓர் அரசு எப்படி ஆள்கிறது என்பது அங்கேதான் கணக்கோடு இருக்கிறது.

விதி இது. 12 வயதானதும் பிள்ளையின் பெயர் ஒரு சீட்டாகக் குலுக்கலில் சேரும். ஆண்டுக்கு ஒன்று ஏறி 18 வயதில் 7 ஆகும். வீட்டில் பசி என்றால் கூடுதல் சீட்டு போட்டு 'டெசரா' வாங்கலாம். ஒரு சீட்டுக்கு ஒருவருக்கான ஓராண்டுத் தானியமும் எண்ணெயும், அதுவும் சொற்பம். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை டெசரா. போட்ட சீட்டு ஒருபோதும் கழியாது. மூன்று பேருக்கு வாங்கும் கதாநாயகி காட்னிஸுக்கு ஆண்டுக்கு 4 வீதம் 16 வயதில் 20. ஐந்து பேருக்கு வாங்கும் அவள் நண்பன் கேலுக்கு ஆண்டுக்கு 6 வீதம் 18 வயதில் 42.

இதைச் சீட்டு எழுதியே செய்து பார்த்தோம். ஆண், பெண் குலுக்கல் தனித்தனி என்பதால் ஆண்களுக்கு மட்டும்: கேலுக்கு 42, டெசரா வாங்காத 18 வயதுக் கடைக்காரர் மகனுக்கு 7, 12 வயதுச் சிறுவனுக்கு 1, ஆக 50. எல்லாச் சீட்டையும் ஒரே அளவில் வெட்டி ஒரே மாதிரி மடிக்க வேண்டும். தடித்த தாள் கலந்தால் விரலுக்கு அகப்பட்டுவிடும். பலர் அந்த ஆண்டுச் சீட்டை மட்டும் எண்ணி, கேலுக்கு 6 என்று எழுதினார்கள். அப்படி எண்ணினால், கட்ட முடியாத கடனாக அது ஏறிக்கொண்டே போவது மறைந்துவிடுகிறது.

நீண்ட விவாதம் ஒரு தேதியைப் பற்றியது. காட்னிஸின் தந்தை சுரங்க வெடிப்பில் இறப்பது ஜனவரியில். கிடைத்த இழப்பீடு ஒரு மாதத்துக்குத்தான். அவளுக்கு 12 வயதாவது மே 8. அதுவரை டெசரா கேட்கவும் உரிமையில்லை. குலுக்கலுக்குள் வந்த பிறகே தானியம் என்று வைத்ததால், இடைப்பட்ட மாதங்களில் அந்த வீடு பட்டினி கிடக்கிறது. அப்படி யாராவது செத்தாலும் காரணம் காய்ச்சல், குளிர், நிமோனியா என்றே பதிவாகும். பட்டினி என்று எழுதமாட்டார்கள். இது கவனக்குறைவல்ல, திட்டம் என்பதே எங்கள் முடிவு.

மேயர் மகள் மாட்ஜ் உடையில் குத்தியிருந்த தங்க ஊசியைப் பார்த்துக் கேல் சீறும் இடத்தில் அமர்வு இரண்டாகப் பிரிந்தது. அந்த ஊசியின் விலையில் ஒரு குடும்பம் பல மாதம் ரொட்டி சாப்பிடலாம், ஆகவே கோபம் நியாயம் என்றனர் சிலர். ஆனால் விதியை எழுதியவள் மாட்ஜ் அல்ல. சுரங்கத்தாரும் கடைக்காரரும் ஒருவரையொருவர் வெறுத்தால் தலைநகருக்கே லாபம் என்று கேலே வேறோர் நேரத்தில் சொல்கிறான். தெரிந்தும் அவள்மேல் பாய்கிறான். பசி அப்படிச் செய்யும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வரும் ஆண்டின் முதல் அமர்வுக்குப் பண்டமாற்று வருகிறது. ஆறு மீனுக்கு ரொட்டி, இரண்டு மீனுக்கு உப்பு என்று வருவதுபோன்ற ஒவ்வோர் இடத்தையும் உறுப்பினர்கள் பென்சிலால் குறித்துக்கொண்டு வரக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்