நொய்யல் கணக்கு

எடிசன், நியூ ஜெர்சி
28 செப்டம்பர் 2025

அன்புள்ள அம்மிணிக்கு,

வியாழக்கிழமை இரவு நீ பேசிக்கொண்டிருக்கும்போதே, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனேன் அல்லவா? அடுப்பில் பால் இல்லை. கோபம் வந்தால் எனக்கு ஆங்கிலமும் வராது, தமிழும் வராது. அதனால்தான் போனேன். மூன்று நாள் ஆறப் போட்டுவிட்டு இப்போது எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது பலன் கிடைக்கட்டும். அப்பாவைப் படித்துக் காட்டச் சொல்லாதே. நான் எழுதாத சமாதானப் பேச்சையெல்லாம் நடுவில் சேர்த்துவிடுவார்.

நீ கேட்டது இதுதான்: "ட்ரம்ப் இந்தியாவைப் பற்றிக் கேவலமாகச் சொன்னால் உனக்கு ஏன் இவ்வளவு ரோஷம்? நொய்யல் ஆற்றைப் பற்றி நீயே மூக்கைப் பிடித்துக்கொண்டுதானே பேசுகிறாய்?"

நியாயமான கேள்விதான். நம் வீட்டை நாம் திட்டலாம், அடுத்த வீட்டுக்காரன் திட்டக் கூடாது என்று பதில் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பாய். ஓக் ட்ரீ ரோட்டில் கறிவேப்பிலை வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அந்தப் பதிலில் ஒப்புதல் இல்லை. உண்மையைச் சொல்ல ஊர்க்காரனாக இருக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

2020 அக்டோபர் 22 நினைவிருக்கிறதா? கொரோனாவுக்குக் கல்லூரியை மூடி உன்னை வீட்டுக்கு அனுப்பியிருந்த வருடம். நாஷ்வில்லில் நடந்த தேர்தல் விவாதத்தை மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்திலிருந்து ஏன் விலகினேன் என்று சொல்ல வந்த ட்ரம்ப், சீனாவைப் பாருங்கள், ரஷ்யாவைப் பாருங்கள், இந்தியாவைப் பாருங்கள், அழுக்கு, காற்றே அழுக்கு என்றார். டில்லியில் இரண்டு வருடம் வேலை பார்த்த உன் அப்பா, "நவம்பரில் டில்லிக் காற்று அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்தார். நானும் மறுக்கவில்லை. பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் நெல் தாளை எரிக்கிற சமயத்தில், புகைக்குப் பயந்து பள்ளிக்கூடங்களையே மூடுகிற ஊர் அது.

ஆனால் அதற்கு எட்டு மாதம் முன்பு, பிப்ரவரி 24 அன்று, இதே மனிதர் அகமதாபாதில் லட்சம் பேர் கூடிய கிரிக்கெட் மைதானத்தில் நின்று இந்தியாவை வாயாரப் புகழ்ந்தார். அதற்கு முந்தைய செப்டம்பரில் ஹூஸ்டன் மைதானத்தில் நம்மவர்கள் ஐம்பதாயிரம் பேர் கைதட்டிய கூட்டத்தில் மோடியோடு கைகோத்து நடந்தார். காற்று அந்த எட்டு மாதத்திலா கெட்டது?

அகமதாபாதில் இன்னொன்றும் நடந்தது. அவர் கார் போகும் வழியில் ஒரு குடிசைப் பகுதி. அது கண்ணில் படக் கூடாதென்று அவசர அவசரமாகச் சுவர் எழுப்பினார்கள். 2023இல் டில்லியில் ஜி20 மாநாடு நடந்தபோது அதே வேலையைப் பச்சைத் துணியை வைத்துச் செய்தார்கள். ஒருவருக்கு மேடையில் ஏறினால் அழுக்கு மட்டும் தெரிகிறது, இன்னொருவருக்கு விருந்தாளி வந்தால் அழுக்கு தெரியவே கூடாது. சுவருக்குப் பின்னால் சோறு பொங்கிக்கொண்டிருந்தவளிடம் போய், உன் வீட்டு வாசலில் சாக்கடை எப்படி வந்தது என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான்.

திருப்பூர் வழியாக ஓடுகிற நொய்யலின் கதையை உனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். நாற்றத்தை மட்டும் சொன்னேன், கணக்கைச் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன் நான்கு வருடம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் எழுதியது கணக்குத்தான். சனிக்கிழமை மாலை பீஸ் கணக்குப் பார்த்துக் கூலி கொடுப்போம். ஏற்றுமதிச் சட்டைகளுக்கு விலை அட்டையைக்கூட அங்கேயே மாட்டி அனுப்புவார்கள். டாலரில் போட்டிருக்கும் விலையை நான் ரூபாயாக மாற்றிப் பார்ப்பேன். அந்தச் சட்டையை மடித்துப் பையில் போடுகிற பெண்ணின் ஒரு வாரக் கூலியைத் தாண்டும்.

சாயப்பட்டறை பில்கள் என் மேசைக்குத்தான் வரும். துணி எத்தனை கிலோ, கிலோவுக்கு என்ன ரேட், என்ன நிறம், எல்லாம் இருக்கும். சாயத்துக்கு விலை உண்டு, உப்புக்கு விலை உண்டு, லாரியில் வாங்கிய தண்ணீருக்கு விலை உண்டு. சாயம் ஏற்றியபின் மிஞ்சுகிற அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று என்பதற்கு மட்டும் பில்லில் கட்டமே கிடையாது. ஆற்றுக்குப் போயிற்று. ஆறு பில் அனுப்பாது. அமெரிக்காவிலிருந்து சட்டை வாங்குகிற பையர் ஃபேக்ஸ் அனுப்புவார்: பீஸுக்கு ஐந்து சென்ட் குறைக்க முடியுமா? முதலாளி குறைப்பார். அந்த ஐந்து சென்ட்டை எங்கிருந்து எடுத்தார் என்று நினைக்கிறாய்? பில்லில் இல்லாத அந்தக் கட்டத்திலிருந்துதான்.

அம்மாயிப் பாட்டியின் தோட்டம் ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே இருந்தது. 1992இல் அங்கே நொய்யலின் குறுக்கே அணை கட்டி முடித்தபோது, இனி கால்வாயில் தண்ணீர் வரும் என்று அம்மாயி தோட்டத்தில் பொங்கல் வைத்தாராம். வந்தது தண்ணீரில்லை, திருப்பூர்ச் சாயம். அணை சாயத் தொட்டியாக நின்றது. சில வருடங்களில் கிணறு கெட்டது. இளநீர் வெட்டினால் உப்புக் கரித்தது. மாடு அந்தத் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். சாயப்பட்டறை வைத்திருந்ததோ வேறு யாரும் இல்லை, என் சொந்தப் பெரியப்பா. அவர் வீட்டு விசேஷத்துக்கு அம்மாயி வருவார், ஓரமாக உட்காருவார், மொய் எழுதுவார், ஆனால் கை நனைக்காமல் எழுந்து போய்விடுவார். பெரியப்பா சாகும்வரை இது நடந்தது. காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அம்மாயியைப் போல ஆற்றுப் பாசனத்தை நம்பிய ஆயக்கட்டு விவசாயிகள்தான் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், கடைசியில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரே ஸ்தம்பித்தது. கழிவு நீரில் ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் திறக்கலாம் என்று ஆயிற்று. உப்பைக்கூடப் பிரித்தெடுத்து மறுபடி சாயத்துக்கே போடுகிறார்கள். செலவு கொஞ்சமா? ஆறு இன்னும் ஆறாகிவிடவில்லை, ஊர்ச் சாக்கடை இன்னும் அதில்தான் கலக்கிறது. ஆனாலும் பில்லில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது. கோர்ட்டுக்கு அலைந்து அலைந்து அந்தக் கட்டத்தைப் போட வைத்தவர்கள் வேட்டி கட்டிய விவசாயிகள். மேடையில் நின்று அழுக்கைக் கண்டுபிடித்த எந்தத் தலைவரும் இல்லை.

ஆக, அந்த அழுக்கில் பெரியப்பாவுக்குப் பங்கு உண்டு. பில்லைப் பைசா பிசகாமல் எழுதி வைத்த எனக்கு உண்டு. பார்த்தும் பார்க்காமல் போன அதிகாரிகளுக்கு உண்டு. ஐந்து சென்ட் பேரம் பேசியவருக்கு உண்டு. நீ பள்ளிக்கூடம் போகும்போது மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கூடை நிறைய அள்ளிக்கொண்டு வந்தோமே, அந்த நமக்கும் உண்டு. 'இந்தியா அழுக்கு' என்று இரண்டே சொல்லில் முடித்தால் பங்காளிகள் அத்தனை பேரும் தப்பித்துக்கொள்கிறார்கள். அம்மாயியின் தென்னை மட்டும் மாட்டிக்கொள்கிறது. இவ்வளவையும் போனில் சொல்லத் தெரியாமல்தான் பாலைச் சாக்கு வைத்தேன்.

இப்போது இந்த வருடத்துக் கூத்துக்கு வருகிறேன். ஜூலை கடைசியில் ட்ரம்ப் இந்தியாவையும் ரஷ்யாவையும் சேர்த்து 'செத்த பொருளாதாரங்கள்' என்றார். அன்றைக்கே டில்லியில் ராகுல் காந்தி, அவர் சொன்னது உண்மை, பிரதமருக்கும் நிதியமைச்சருக்கும் தவிர எல்லோருக்கும் தெரியும் என்றார். ஆளுங்கட்சிக்காரர்கள் உலகப் பட்டியலில் நாம் எத்தனையாவது இடம் என்று பதிலுக்குக் கணக்குச் சொன்னார்கள். ஒருவர் எறிந்த கல்லைப் பொறுக்கி இன்னொருவர் எறிகிறார். கல் விழுகிற இடத்தில் உன் மாமன் இருக்கிறான்.

நாற்பது தையல் மெஷின் வைத்து ஜாப் ஒர்க் எடுக்கிறவன், அதாவது எக்ஸ்போர்ட்டர் ஆர்டரைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறவன் அவன். பருத்தி டி-ஷர்ட்டுக்கு இங்கே ஏற்கெனவே 16.5 சதவீத இறக்குமதி வரி உண்டு. ஆகஸ்ட் 27 முதல் அதற்குமேல் 50 சதவீதம். பத்து டாலர் சரக்குக்கு 6 டாலர் 65 சென்ட் வரி என்று வை. வரியைக் கட்டுவது இங்கே இறக்குமதி செய்கிறவர். ஆனால் அவர் அடுத்த நிமிடமே, இதில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அங்கே கேட்கிறார். எக்ஸ்போர்ட்டர் மாமனிடம் கேட்கிறார். மாமன் யாரிடம் கேட்பான்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளிடம்தான். தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, போனஸுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்று போன வாரம் சொன்னான். செத்த பொருளாதாரம் என்றால் அதன் சட்டைக்குப் பயந்து இவ்வளவு பெரிய வேலி எதற்கு என்றும் கேட்டான். நான் உன்னிடம் சொல்ல நினைத்து மறந்த கேள்வி அது.

நீ இதையெல்லாம் ஒரு மனிதரின் வாய்த்துடுக்கு என்று நினைக்கிறாய். நாம் வழக்கமாக ஓட்டுப் போடுகிற ஜனநாயகக் கட்சியும் சளைத்ததில்லை. 2006இல் பைடன், கொஞ்சம் இந்திய உச்சரிப்பு இல்லாமல் செவன் இலெவன் கடைக்கோ டங்கின் டோனட்ஸ் கடைக்கோ போக முடியாது என்றார். அதைப் பாராட்டாகச் சொன்னார் என்பதுதான் வேடிக்கை. 2009இல் ஒபாமா, பஃபலோவில் வேலை கொடுப்பதைவிட பெங்களூரில் கொடுத்தால் குறைந்த வரி என்று வரிச் சட்டத்தைத் திட்டினார். திட்டியது சட்டத்தைத்தான், ஆனால் அடுத்த நாள் ஆபீஸில் உன் அப்பாவைப் பார்த்து ஒருவர் 'பெங்களூர்' என்று சிரித்தாராம். ட்ரம்பின் கட்சிக்காரரான நிக்சன் அதிபராக இருந்தபோது, 1971இல், தன் அறையில் பேசிய ஒலிநாடா 2020இல் வெளிவந்ததே, படித்தாயா? உலகிலேயே அழகில்லாதவர்கள் இந்தியப் பெண்கள் என்கிறார். கிழக்கு வங்க விவகாரத்தில் அவருக்கு இந்திரா காந்திமேல் கோபம். அதற்கு அம்மாயிவரை எல்லோரையும் சேர்த்து வைதுவிட்டார். அம்மாயி அந்த நேரம் மஞ்சள் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்திருப்பார்.

பேச்சு பேச்சோடு நின்றால் போகட்டும் என்று விடலாம். நீ பள்ளியில் கடைசி வருடம் படித்தபோது, 2017இல், இந்த ஊர்ப் பள்ளிக் குழுத் தேர்தல் சமயத்தில் நம்மவர்கள் எல்லோரும் பயந்துபோன அந்த அஞ்சலட்டை வந்ததே, தேர்தலில் நின்ற இந்திய, சீன வம்சாவளி வேட்பாளர்கள் இரண்டு பேரின் படத்தின்மேல் 'நாடு கடத்து' என்று முத்திரை குத்தி. நீ அதைக் குப்பையில் போட்டாய். நான் எடுத்து வைத்திருக்கிறேன், பாஸ்போர்ட் இருக்கும் டிராயரில்.

என் பங்குக்கு ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். உன் நான்காம் வகுப்பில் பன்னாட்டு விழாவுக்கு தெர்மகோலில் தாஜ்மகால் செய்து கொடுத்தேன். நான் அதுவரை ஆக்ராவையே பார்த்ததில்லை. இந்தியா என்று கேட்டவுடன் பளிங்கை எடுத்து நீட்டினேன். நானும் ஒரு சிறிய சுவர்தான் கட்டியிருக்கிறேன். ஒரு பனியனையும், அதன் பில்லையும் மேசையில் வைத்திருக்கலாம். உன் டீச்சர் குழம்பியிருப்பார், போகட்டும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன் என்றாயே, டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். கோவை விமான நிலையத்துக்கு மாமன் வருவான். திருப்பூரில் நொய்யலின் மேலுள்ள வளர்மதி பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல். நாற்றம், கண்ணாடியை ஏற்றிக்கொள் என்பான். பரவாயில்லை, இறங்கிப் பார்க்க வேண்டும் என்று அம்மா சொன்னார் என்று சொல். அவனுக்கு இரண்டு பாட்டில் வைட்டமின் மாத்திரை அனுப்புகிறேன், மறக்காமல் பெட்டியில் வை.

அன்புடன்,
அம்மா