கடைசி வரியில் தன்னை எழுதிக்கொண்ட அண்ணாச்சிக்கு

எங்கள் சிறுதானிய நிறுவனத்தைக் கைவிடாமல் தாங்கிப் பிடித்த எல்லோருக்கும்,

எங்களிடம் சரக்கு வாங்கிய ஒருவர் தராமல் நிறுத்தி வைத்திருந்த பாக்கி வந்துவிட்டது. அசலும் வந்துவிட்டது, பேசி முடித்த வட்டியும் வந்துவிட்டது. யார் நிறுத்தி வைத்தார்கள், எத்தனை வாசல் ஏறினோம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி கிளற எனக்கு விருப்பமில்லை. ஆனால் நன்றியை மட்டும் தள்ளிப்போட மனம் வரவில்லை. நாளாகிவிட்டால் இது சம்பிரதாயக் கடிதமாகிவிடும். அதனால் இன்றே உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் விருதுநகர் தானிய மண்டி அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தொழில் தொடங்கிய நாள் முதல் குதிரைவாலியும் கம்பும் அவரிடம்தான் வாங்குகிறேன். அந்தப் பாக்கி வராமல் கையில் பணம் இல்லாத மோசமான மாதத்தில், அவருக்குத் தர வேண்டியதற்கு அவகாசம் கேட்க மதுரையிலிருந்து பஸ் ஏறினேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். ஏனென்றால் அதற்கு முந்தைய வாரம் முழுவதும் வேறு வேறு இடங்களில் அதே பதிலைக் கேட்டிருந்தேன்: “வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் வரச் சொல்லும்மா.” ஓர் இளம்பெண் பெயரில் கம்பெனி இருக்கலாம், உரிமம் இருக்கலாம், வங்கிக் கணக்கு இருக்கலாம். கடன் என்று வந்ததும் அவளுக்குப் பின்னால் நிற்கும் ஆண் யார் என்று தேடுகிறார்கள். என் அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். என் தொழிலின் ஒரு கணக்கும் அவருக்குத் தெரியாது. அவரைக் கொண்டுபோய் ஒரு கடையில் நிறுத்துவதை நினைத்தாலே தொண்டை அடைத்தது.

அண்ணாச்சி குத்தூசியால் ஒரு மூட்டையைக் குத்தி, வந்து விழுந்த தானியத்தை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே ஒன்றும் பேசவில்லை. “உட்காரு தாயி” என்றார். பழைய பில் ஒன்றைத் திருப்பி வைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். “யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், சொல்.”

சொன்னேன். அவர் தொகையை மட்டும் எழுதவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கேள்வி கேட்டார். பொட்டலம் கட்டும் பெண்களுக்கு வாரச் சம்பளமா, மாதச் சம்பளமா? வண்டிக்காரர் வண்டியைக் கடனில் எடுத்தவரா? கம்பு கொடுத்த விவசாயி அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கிவிட்டாரா? கேட்டுக் கேட்டு வரிசையை மாற்றினார். சம்பளம் மேலே போனது. அடுத்து விவசாயி, அதற்கடுத்து வண்டி. வங்கித் தவணையின் கீழே இரண்டு கோடு போட்டார். “தவணை 90 நாள் தவறினால் வாராக்கடன் என்று எழுதிவிடுவார்கள். அதற்குப் பிறகு எந்த வங்கிப் படியிலும் உன்னை ஏற விடமாட்டார்கள். இதை மட்டும் விட்டுவிடாதே.” பை அச்சடித்துத் தரும் சிவகாசிக்காரரிடம் தானே பேசுவதாகச் சொன்னார். எல்லோரையும் எழுதி முடித்த பிறகு, தாளின் அடியில் கடைசி வரியாகத் தன் மண்டியின் பெயரை எழுதினார்.

நான் அதிகமாகத் தர வேண்டியது அவருக்குத்தான். அதைச் சொன்னேன். “உன் பணம் வந்துதான் என் வீட்டில் உலை கொதிக்க வேண்டும் என்றில்லை. மேலே எழுதியிருக்கிறவர்களுக்கு அப்படி இல்லை, பார்த்துக்கொள்” என்றார். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “நீ வாங்கினாய், நீ கொடுப்பாய்.” அவ்வளவுதான்.

அதோடு நிற்கவில்லை. அந்த வாரமே வழக்கமான சரக்கை அனுப்பி வைத்தார். இது எவ்வளவு பெரிய உதவி என்று தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியாமல் போகலாம், அதனால் சொல்கிறேன். கம்பு முழுத் தானியமாக மூட்டையில் மாதக்கணக்கில் இருக்கும். அரைத்த மாவு அப்படி இராது. கம்பில் கொழுப்புச்சத்து அதிகம். அரைத்தவுடன் அதிலுள்ள நொதி கொழுப்பைச் சிதைக்கத் தொடங்கும். சில நாட்களிலேயே மாவில் கசப்பு ஏறிவிடும். அரைப்பதற்கு முன் ஆவியில் வேகவைத்துக் காயவைத்தால் அந்த நொதி அடங்கும், மாவின் ஆயுள் நீளும். எங்கள் நிறுவனமே இந்த ஒரு வேலையின் மேல்தான் நிற்கிறது. இருந்தாலும் மாவை மலைபோல் அரைத்துக் குவித்து வைத்துக்கொள்ள எங்களுக்குத் துணிவு வராது. வாராவாரம் தானியம் வந்தால்தான் வாராவாரம் விற்பனை. மில் நின்றுவிட்டால் அந்தத் தாளில் இருக்கும் ஒருவருக்கும் பணம் போகாது. அண்ணாச்சிக்கு இது என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

திரும்பி வரும் வழியில் அழுதேன். அந்த மாதத்தில் முதல்முறையாக நிம்மதியில் வந்த அழுகை அது.

தொழில் நடத்தும் பெண்ணுக்குப் பயத்தை வெளியில் காட்ட இடமே கிடையாது. வீட்டில் காட்டினால், “போதும், ஒரு நல்ல இடம் பார்த்து முடித்துவிடலாம்” என்ற பேச்சு கிளம்பும். வேலை செய்பவர்களிடம் காட்டினால் அவர்கள் வேறு வேலை தேட வேண்டியதுதான். முதலீட்டாளர்களிடம் காட்டினால் அடுத்த கேள்வி எதுவாக இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். “கல்யாணம் ஆனால் கம்பெனியை யார் பார்த்துக்கொள்வார்கள்?” என்று ஒரு மேடையிலேயே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் 25ஆம் தேதி தாண்டினால் எனக்குச் சம்பள நினைவில் தூக்கம் கலையும். கையில் இருக்கும் பணம் எத்தனை நாளுக்கு வரும் என்ற கணக்கு பல் துலக்கும்போதுகூட மனதில் ஓடும். அந்தக் கணக்கை என் கையிலிருந்து வாங்கி, பயப்படாமல் பார்த்து, வரிசைப்படுத்தித் திருப்பித் தந்த முதல் மனிதர் அவர்.

ஸ்டார்ட்அப் கூட்டங்களில் நாம் முதலீட்டாளர்களைப் பற்றியே பேசுகிறோம். யாருக்கு எவ்வளவு நிதி கிடைத்தது என்பது செய்தியாகிறது. சரக்கைக் கடனுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் எந்தச் செய்தியிலும் வருவதில்லை. எங்களைப் போன்ற சிறிய உணவு நிறுவனங்கள் பலவும் அவர்கள் தரும் அவகாசத்தில்தான் பிழைத்திருக்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மற்றவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். “அடுத்த வாரம் வாங்கிக்கொள்கிறோம்” என்று என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்ட பொட்டலப் பிரிவு அக்காக்களுக்கு நன்றி. ஆறு மாதத்து மாவுக்கு முன்பணம் கட்டிய வாடிக்கையாளர்களுக்கு, நள்ளிரவில் ஃபோனை எடுத்த சக பெண் தொழில்முனைவோருக்கு, கேள்வி கேட்காமல் சோறு போட்ட அம்மாவுக்கு நன்றி. கட்டணம் வாங்காமல் வழக்கை எழுதித் தந்த ஆடிட்டர் அக்காவுக்குத் தனியாக ஒரு நன்றி. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டம் என்னவெல்லாம் சொல்கிறது என்று அவர் உட்கார வைத்துச் சொல்லித் தந்தார். எங்களைப் போன்ற குறு உற்பத்தியாளரிடம் வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்கள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டி வீதத்தைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. போதாததற்கு, 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்திலும் இதற்கென ஒரு விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. கெடு தாண்டி வைத்திருக்கும் பாக்கியை, உண்மையில் கொடுத்து முடிக்கும்வரை வாங்கியவர் தன் செலவுக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. இப்படித் தாமதமாகும் பாக்கிகளை விசாரிக்கும் மதுரை மண்டல வசதியாக்கல் மன்றத்தில் மனுக் கொடுத்தால் அந்த வாடிக்கை போய்விடுமே என்று நான் தயங்கியபோது, “பணம் தராதவர் எப்படி வாடிக்கையாளர் ஆவார்?” என்று கேட்டார் அக்கா. இதைப் படிக்கும் சிறு உற்பத்தியாளர்களே, குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் பதியும் உத்யம் பதிவு இல்லையென்றால் இன்றே செய்துவிடுங்கள். பதிவுக்குக் கட்டணம் இல்லை.

எனக்கு நேர்ந்ததை நான் இன்னொருவருக்குச் செய்ய மாட்டேன். பேரையூர், டி. கல்லுப்பட்டிப் பக்கம் புரட்டாசியில் விதைத்த குதிரைவாலி தை மாதம் களத்துக்கு வரும். எங்களுக்குத் தருகிற விவசாயிகளுக்கு எடை போட்ட அன்றே பணம். பை, பெட்டி, வண்டி என்று எங்களுக்கு வேலை செய்யும் சிறியவர்கள் எல்லோருக்கும் 15 நாட்களுக்குள், ஒப்பந்தம் என்ன சொன்னாலும் சரி. நிறுவனம் எவ்வளவு வளர்ந்தாலும் இந்தக் கெடுவை நீட்ட மாட்டேன். என் சம்பளம் எப்போதும் அந்தத் தாளின் அடியில் இருக்கும்.

யாருக்காவது எங்களிடமிருந்து இன்னும் வர வேண்டியிருந்தால் தயங்காமல் கேளுங்கள். திங்கட்கிழமை முதல் அண்ணாச்சி எழுதித் தந்த வரிசையிலேயே கொடுத்து முடிக்கிறேன். அண்ணாச்சி, உங்கள் முறை புதன்கிழமை வருகிறது. நானே நேரில் கொண்டுவருகிறேன். “வேறு யாருக்காவது கொடு தாயி” என்று மறுபடியும் சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.